ஓடாத நிரல்

காந்திபுரத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், இணையதளத்தைச் சோதிக்கும் கருவியைக் கொண்டு பிரவுசரைத் தானாக ஓடவிட்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். தப்பித்தவறிக்கூட மவுஸைத் தொட்டுவிடக் கூடாதாம்.

கொப்பரை விலை சொல்லும் எங்கள் இணையதளம், சிக்னல் குறைந்த தோப்புகளில் திறக்கவே திணறியது. அவருடைய கருவி தளத்தின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி முடித்தது. ஒருமுறைகூட ஓடாத ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரிகள் மட்டும் திரையில் சிவப்பாகத் தெரிந்தன. பாதிக்கு மேல் சிவப்பு. தளம் திறக்கும்போதெல்லாம் இந்த வீண் சுமையும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தது.

“யாருங்க இத்தனையும் எழுதுனது?” என்று கொதித்தேன்.

“நானுங்க. எப்பவாச்சும் ஒதவும்னு எழுதிப்போட்டேன்” என்று சிரித்தபடி அத்தனையையும் அழித்தார்.

மறுநாள் உடுமலையிலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டார். “தோப்புக்குள்ளயே நிக்கறனுங்க. தொட்டதும் தொறக்குதுங்க!”

அலுவலகமே கைதட்டியது. தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டு இவ்வளவு கர்வமாக நின்ற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.