பசை மடிப்பு

'கதை விடாதே' என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அத்தானுக்கு அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் படத்தையும் எழுத்தையும் கம்ப்யூட்டரில் அடுக்கி, எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று கோடு போட்டு அச்சுக்கு அனுப்புவார். ஒரு கோடு இம்மியளவு நகர்ந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அச்சகத்தில் அவர் பெயரே 'மில்லிமீட்டர்'தான். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விடமாட்டார். என் அக்கா பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் அவர் மட்டும்தான். ஒரு இருமல் பொடிப் பெட்டி அவசரமாம். உள்ளே வெறும் பாக்கெட்; எழுத்தெல்லாம் பெட்டியில்தான். 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது' என்ற வரி முன்பக்கத்தில் இருந்தது. அது வியாபாரத்தைக் கெடுக்கிறதாம். முதலாளி போனில் கூப்பிட்டார்.

"அந்த வரியைத் தூக்கிப் பசை மடிப்புல போட்டுடு."

பெட்டியை ஒட்டுவதற்காக ஓரத்தில் விடும் பட்டைதான் பசை மடிப்பு. ஒட்டியதும் உள்ளே மறைந்துவிடும். அங்கே யாரும் எழுத்து வைக்க மாட்டார்கள்.

"சார், அங்க போட்டா யார் கண்ணுலயும் படாதே."

"கவர்மெண்ட்ல போடச் சொன்னாங்க, போட்டாச்சு. அவ்வளவுதான். உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

அத்தான் வரியை நகர்த்தினார். வழக்கம்போல் மாதிரிக்கு ஒரு தாள் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டினார்.

வரி முன்பக்கத்தில் இருந்தது.

திரையைப் பார்த்தார். பசை மடிப்பில்தான் இருக்கிறது. பழைய ஃபைலை அடித்துத் தொலைத்துவிட்டோம் போல என்று தன்னையே திட்டிக்கொண்டார். இன்னொரு தாள் எடுத்தார். வெட்டும்போது பார்த்தார், வரி பட்டையில்தான் இருந்தது. அதன் மேலேயே பசை தடவினார். ஒட்டினார். திருப்பினார்.

முன்பக்கத்தில்... அதே வரி.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்கு... க்கு...

குழந்தை இருமல்.

"யாரது?"

மேசைக்கடியில் பார்த்தார். மெஷின் பக்கம் போய்ப் பார்த்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது.

க்கு... க்கு...

திரும்பினார்.

மேசைமேல் அந்தப் பெட்டி. ஒவ்வொரு இருமலுக்கும் மூடி லேசாக எழும்பி எழும்பி விழுந்தது...

பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

இருமல் மட்டும்...

போன் அடித்தது.

"அனுப்பிட்டியா?"

க்கு... க்கு... க்கு...

"இதோ... அனுப்பிட்டேன் சார்."

அனுப்பினார். இருமல் நின்றது.

பேய்க்குப் பயந்தவர்தான். ஆனால் முதலாளிக்கு அதைவிடப் பயந்தார். அந்த ஒரு ஃபைலை வைத்தே வருஷக்கணக்காகப் பெட்டி அடித்துத் தள்ளினார்கள். அத்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடம்கூட.

நான் அந்தப் பொடியைக் கடையில் வாங்கினேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் என் மகளுக்குக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அத்தான் ஓடி வந்தார். உள்ளே வரவில்லை. என் மகள் இருமுவதைக் கேட்டதும் அறை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதே இருமல்தாம்மா... பெட்டிக்குள்ள கேட்டது."

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. மூன்று வயது என் பிள்ளைக்கு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் நோவேன். சாகிற வரைக்கும் நோவேன்.

ஒன்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் பெட்டியை மடித்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.