ஜோஆனின் தாய்

மலேசியாவின் கோத்தா திங்கி சிற்றாலயத்தில் அன்னையர் தினப் பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய்மாரைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் அழைப்பார்கள். ‘ஜேடனின் தாய் டோரிஸ்’ என்று வாசித்ததும் டோரிஸ் எழுந்துபோய், மாதாவின் பாதத்தில் ஒரு ரோஜாவை வைத்து, குருவிடம் ஆசி பெற்றுத் திரும்புவாள். பட்டியல் எழுதுபவர் செயலாளர் மரியநாதன். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து, பிள்ளைகள் பிறந்த தேதி வரிசையில் எழுதுவார். பதினோரு ஆண்டுகளில் ஒரு பெயரும் விட்டுப்போனதில்லை என்பது அவர் பெருமை.

அந்தப் பதினோரு ஆண்டும் ஜாக்லினின் பெயர் அதில் இல்லை.

பள்ளிக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்கும் ஜாக்லினுக்கு வயது ஐம்பத்திரண்டு. மற்ற தாய்மார் போய்வருவதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். போன ஆண்டு பூசை முடிந்ததும் மரியநாதன் வாளியில் மிஞ்சிய ரோஜா ஒன்றை நீட்டினார்.

“எடுத்துக்க லா ஜாக்லின், வீணாத்தானே போகுது.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் கையை நீட்டவில்லை.

“பூ வேணாண்ணே. எம் மக பேரை வாசிங்க.”

இந்த ஆண்டு, 2025 மே நான்காம் தேதி, பட்டியல் ஒட்டப்படும் முன்பே அவள் அலுவலகத்துக்குள் வந்தாள். கூடவே வீரமுத்து. எழுபத்தொரு வயது, செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்ந்தவர், நெற்றி நிறையத் திருநீறு.

“பதிவேட்டுல இல்லாததை நான் எப்படிம்மா வாசிக்கிறது?” என்றார் மரியநாதன்.

“அதான் பதிய வந்திருக்கேன். 2007 ஜனவரி பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. காலையில ஆறு நாப்பதுக்குப் பொறந்தா. பத்தே காலுக்குப் போயிட்டா.”

வெள்ளம் ஊரை மூடியிருந்த நாள் அது. வீரமுத்துவின் லாரியில் மேட்டுப் பக்கம் போகும் வழியிலேயே பிரசவம். கணவன் பிரெட்ரிக் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான், பாதை துண்டிக்கப்பட்டதால் வர முடியவில்லை. குழந்தை மூச்சுக்குத் திணறியதைக் கண்டு, ஜாக்லின் தானே அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். பிறகு கோயிலில் வந்து சொன்னபோது, ‘சாட்சி இல்லையே’ என்று அனுப்பிவிட்டார்கள். லாரிக்காரரை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மரியநாதனும் திருநீற்றைப் பார்த்துத் தயங்கினார். “சாட்சி நம்ம ஆளா இருந்தா…”

“ஆபத்துல யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்துவா இருந்தாலும் செல்லும்னு மறைக்கல்வியில படிச்சோம். கொடுக்கிறவரே இந்துவா இருக்கலாம், பார்த்தவர் இருக்கக் கூடாதா?” என்றாள் ஜாக்லின்.

மரியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ன தண்ணி?”

“மினரல் வாட்டர்,” என்றார் வீரமுத்து. “நாந்தான் மூடியைத் திறந்து கொடுத்தேன். ஆத்துத் தண்ணியா இருந்தா செல்லாதுன்னு சொல்லுவீங்களா?”

“என்ன வார்த்தை சொன்னாங்க?”

வீரமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “‘ஜோஆன், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’னு சொல்லி, இந்தப் பொண்ணு மூணு தடவை ஊத்துச்சு. இந்தப் பதினெட்டு வருசத்துல ஒருத்தரும் என்னைக் கேக்கல லா.”

மரியநாதன் பதிவேட்டைத் திறந்தார். சாட்சி என்ற இடத்தில் வீரமுத்து என்று எழுதி, குருவிடம் கையெழுத்து வாங்கிவந்தார். பிறகு பட்டியலை எடுத்து, கடைசியில் அவள் பெயரைச் சேர்க்கப்போனார்.

“கடைசியில இல்லண்ணே. 2007-ல.”

முழுப் பட்டியலையும் அவர் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

மே பதினொன்றாம் தேதி, “ஜோஆனின் தாய் ஜாக்லின்” என்று மரியநாதன் வாசித்தார். அவள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, அவசரப்படாமல் நடந்தாள். நடு வரிசையில் செல்வராணி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: “இவளுக்கு ஏது பிள்ளை? எங்க இருக்கு?”

ஜாக்லின் நின்றாள்.

“கல்லறைத் தோட்டத்துல, மூணாவது வரிசை,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “சாயங்காலம் போறேன். வர்றீங்களாக்கா?”

பிறகு போய் ரோஜாவை வைத்தாள்.