பௌர்ணமியன்றும் பள்ளிக்கூடம் உண்டு

"ஸ்கூல் பாக்கறதுக்கெல்லாம் ஒரு வூட்ல நாலு பேராவது படிச்சிருக்கணும் பாப்பா. நீ ஒருத்தி படிச்சிட்டு, நீயே போயி பாத்து முடிவு பண்ணிடுவியா?"

சொன்னவர் என் மாமா. அம்மாவின் தம்பி, டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். சொன்ன இடம் எங்கள் வீட்டு வாசல். அதுவும் நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே...

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் டிகிரியும் நான்தான். இதைச் சொல்லாமல் என்னால் ஒரு வாரம்கூட இந்தப் பத்தியை எழுத முடிந்ததில்லை. நீங்களும் பழகிவிட்டீர்கள். அப்படிப்பட்டவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா?

விஷயம் இதுதான். என் தம்பி தினேஷ், எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டான். அங்கே எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போயாக வேண்டும். எந்தப் பள்ளி?

மாமாவிடம் பதில் தயாராக இருந்தது. அவர் மகன் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. டை உண்டு, ஷூ உண்டு, வீட்டு வாசலுக்கு வேன் வரும். அம்மா அந்த வேனிலேயே மயங்கிவிட்டாள். சரி, பார்த்துவிடலாம் என்று அம்மா, தினேஷ், நான் மூவருமாகப் போனோம்.

ஏசி அறையில் ஒரு மேடம். தினேஷின் மார்க்கைப் பார்த்தார். "நல்லாத்தான் படிச்சிருக்கான். ஆனா தமிழ் மீடியம். எங்ககிட்ட மறுபடியும் எட்டாவதுலதான் உக்காரணும்" என்றார்.

தினேஷ் என் காதில் கேட்டான், "நான் பாஸ் பண்ணிட்டேன்லக்கா?"

பண்ணிவிட்டான்தானே? பாஸான பையனை ஃபெயிலாக்கிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு நாம் ஏன் டை கட்டிக்கொண்டு போக வேண்டும்? அம்மா மட்டும் வெளியே நின்ற வேனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்து, டவுனில் இருக்கும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளி. "அங்க எல்லாம் ரவுடிப் பசங்க" என்றார் மாமா. அவரும் அங்கே போனதில்லை, அவருக்குத் தெரிந்தவர்களும் போனதில்லை. இருந்தாலும் சொன்னார்.

நான் தினேஷை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேனிடம், "அண்ணே, பாத்ரூம் எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"லேடீஸுக்கு ஸ்டாஃப் ரூம் பக்கம்மா."

"எனக்கில்லண்ணே. பசங்களோடத பாக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத யாரும் வந்து பாக்க மாட்டாங்களேம்மா" என்றார்.

அதுதான் தப்பு. பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் கட்டியிருக்கும் ரிசல்ட் பேனரைப் பார்க்கிறார்கள். ஒரு பள்ளியின் உண்மையான ரிசல்ட் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மற்றபடி பரவாயில்லை.

அதற்குள் தினேஷ் சயின்ஸ் லேப் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே ஓர் எலும்புக்கூடு.

"ஒரிஜினலாக்கா?"

"சேந்ததும் நீயே கேட்டுக்கோ."

அந்த நிமிடமே அவன் சேர்ந்துவிட்டான் என்று நினைக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான். "அங்க பொண்ணுங்களே கிடையாதாக்கா? அப்ப ஹோம்வொர்க் என்னான்னு யாரக் கேக்கறது?"

ஞாயமான கவலை. எங்கள் ஊர்ப் பள்ளியில் பெண் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆண் பிள்ளைகள் சாயந்தரம் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எட்டு வருஷமாக நடக்கும் ஏற்பாடு. இனி அவனே எழுதிக்கொள்ள வேண்டும்... ஆண்கள் பள்ளியில் இப்படியும் ஒரு நன்மை.

சேர்க்கை நாள் வந்தது. டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் அடுக்கினேன். அம்மா அந்த ஜெராக்ஸ்களின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல. காதுக்கு மேலே கோடு போட்டிருந்த தினேஷின் தலையை சலூன்காரர் ஒட்ட வெட்டி அனுப்பினார். கடையைப் பூட்டிவிட்டு அப்பாவும் வெள்ளைச் சட்டையில் கிளம்பினார்.

கடை என்றேன் அல்லவா? அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் அடி அண்ணாமலையை ஒட்டி இருக்கிறது. கடை கிரிவலப் பாதையில். சாதாரண நாளில் டீ, பன், பிஸ்கட். பௌர்ணமி என்றால் மோர், லெமன் ஜூஸ், சுண்டல். அந்த ஒரு நாள் வியாபாரம்தான் மாதத்தின் மற்ற நாட்களைத் தூக்கி நிறுத்தும். அன்றைக்குக் கடையின் முதல் ஆள் தினேஷ். மோர் ஊற்றுவான், சில்லறை கொடுப்பான், ஆந்திராவிலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் பேசி நிறுத்துவான்.

அப்போது பள்ளிக்கூடம்? எங்கள் ஊரில் அதற்குப் பெயரே பௌர்ணமி லீவு. பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். டீச்சர்கள் கேட்க மாட்டார்கள். மறுநாள் போனால், "வியாபாரம் எப்பிடிடா?" என்று விசாரிப்பார்கள். நானும் அந்த லீவில் வளர்ந்தவள்தான். டவுன் பெண்கள் பள்ளிக்குப் போன பிறகு, கணக்கில் ட்ரிக்னாமெட்ரி ஆரம்பித்தது ஒரு பௌர்ணமியன்று. இன்றுவரை அது எனக்கு இடைவேளைக்குப் பிறகு போய் உட்கார்ந்த படம் மாதிரிதான் இருக்கிறது.

தலைமையாசிரியர் ஃபைலைப் புரட்டினார். மஞ்சளைப் பார்த்தார், அடுத்த தாளுக்குப் போனார். ஊர்ப் பெயரைப் படித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"கிரிவலப் பாதையா? கடை இருக்குதா?"

"இருக்குதுங்க சார்" என்றார் அப்பா.

"அப்ப பௌர்ணமிக்குப் பையன் வர மாட்டான்."

அப்பா வெள்ளைச் சட்டையின் கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாசத்துல ஒரு நாளுதானேன்னு நெனைப்பீங்க. அன்னிக்கு ஒண்ணு. ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு மறுநாளு ஒண்ணு. ஒன்பதாவத எப்பிடியோ ஓட்டிடுவான். பத்தாவதுல மாட்டிப்பான். எத்தன பசங்கள நான் பாத்துட்டேன். எடம் இல்லன்னு சொல்ல மாட்டேங்க. ஆனா, வருவான்னு நீங்க ஒரு வார்த்த எனக்கு சொல்லணும்."

'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். படிப்பு சொல்லித்தரும் வித்தைகளில் அதுவும் ஒன்று. அப்பா அந்த வித்தையைப் படிக்காதவர்.

"சொல்லிட்டுப் போவலாம் சார். பொய் சொல்லி புள்ளைய சேக்கக் கூடாது பாருங்க. அன்னிக்கு இவன் இல்லன்னா எனக்குக் கடை நடக்காது."

மேஜைக்குக் கீழே அப்பாவின் காலை மிதிக்கலாமா என்று யோசித்தேன். தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்துவிடக் கூடாது. எழுந்தால் அவ்வளவுதான். மாமா சொன்ன வேன் பள்ளி, மறுபடியும் எட்டாவது.

தலைமையாசிரியர் தினேஷைப் பார்த்தார். "நீ என்னாடா சொல்ற?"

"அன்னிக்கு பஸ் இருக்காது சார்."

"அது ஊருக்கே தெரியும்."

"நடந்து வந்துடுவேன் சார். காலையில குபேர லிங்கம் வழியா இங்க. சாயந்தரம் செங்கம் ரோடு வழியா வூட்டுக்கு. ஜனங்க போற பக்கமே போனா போதும். எதிர்ல வர வேணாம்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிவலம் என்றால் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரே திசையில் நடப்பது. எங்கள் ஊரிலிருந்து குபேர லிங்கக் கோயில் வழியாக டவுனுக்குப் பாதிச் சுற்று, அங்கிருந்து செங்கம் ரோடு வழியாக ஊருக்கு மீதிப் பாதி. பௌர்ணமியன்று அந்தக் கூட்டத்துக்கு எதிரே நடக்க எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதித்தாலும் நடக்க இடம் இருக்காது. வண்டியும் விட மாட்டார்கள். அதனால் அன்றைக்கு டவுனுக்குப் போன பையன் வீடு திரும்ப வேண்டுமென்றால் மீதிப் பாதி மலையையும் சுற்றித்தான் வர வேண்டும்.

அப்பா திகைத்துப் போனார். "ரெண்டும் சேந்தா முழு கிரிவலம்டா. பதினாலு கிலோமீட்டரு."

"தெரியும்ப்பா."

எப்போதிலிருந்து யோசித்து வைத்திருந்தானோ. ஜன்னலில் மூக்கை ஒட்டிய நாளிலிருந்து இருக்கலாம்.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். "மாசாமாசம் புத்தகப் பையோட கிரிவலம். உனக்கு மார்க்கு போடலன்னா சாமியே என்னக் கேக்கும்." பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும்போது அப்பாவிடம் சொன்னார்: "புள்ள வழி சொல்லிட்டான். கடைக்கு வழி நீங்க பாருங்க."

சேர்ந்துவிட்டான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எங்களோடு வீடுவரை வந்தது.

"பகல்ல யாரு மோர் ஊத்தறது?" என்றாள் அம்மா. "தெலுங்குக்காரங்க வந்தா யாரு பேசறது?"

மாமாவும் வந்திருந்தார். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். அந்த வேன் ஸ்கூல்ல போட்டிருந்தா பௌர்ணமிக்கு வேனே வராது. தானா லீவு. பிரச்சினையே இல்ல" என்றார். அவர் தமாஷ் பண்ணவில்லை.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகன் படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமலா? கடையும் வேண்டும், படிப்பும் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் வேண்டும். எத்தனை வீடுகளில் இந்தச் சிக்கல்! அறுவடைக்கு ஒரு வீடு, முகூர்த்த நாளுக்கு ஒரு வீடு, எங்களுக்குப் பௌர்ணமி. பள்ளிக்கூடம் பையனை மட்டும் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டையே சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் தன்னுடைய ஒரு நாளை எடுத்து அவனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

யார் கொடுப்பது? அம்மா அடுப்படியை விட்டு நகர முடியாது, சுண்டல் அவள் பொறுப்பு. அப்பா டீ பாய்லரை விட்டு நகர முடியாது. மாமாவுக்கு அன்றைக்கு ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் சவாரி ஜாஸ்தி.

நான் வேலை பார்ப்பது டவுனில் ஒரு கண் மருத்துவமனை. வரவேற்பு கவுன்ட்டர். பள்ளி திறந்து வரும் முதல் பௌர்ணமி ஒரு வேலை நாளில் வருகிறது. மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் போய் கேஷுவல் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு லீவா, உன் தம்பிக்கு லீவா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'அன்று என் தம்பிக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.'