அத்தையின் கை தவறவில்லை

அந்த ஜல்லிக்கரண்டி அத்தையின் கையிலிருந்து நழுவவில்லை. அத்தை அதை ஓங்கித்தான் வீசினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி நெருங்கிவிட்டதால், ஜெலுத்தோங்கில் இருந்த அத்தையின் பிளாட்டுக்கு முறுக்கு சுட உதவி செய்யப் போயிருந்தேன். உதவி என்றால் வேறொன்றும் இல்லை, அச்சில் மாவை அடைத்துக் கொடுப்பதும் உடைந்த முறுக்கைத் தின்பதும்தான். அத்தை அப்பாவின் தங்கை. அவருடைய கணவரான மாமாவைப் போல மரியாதைக்காரரை வெளியில் பார்க்க முடியாது. கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போட வேண்டுமென்றால் முதல் ஆளாக நிற்பார்.

அந்த மரியாதைக்காரர் அன்று மத்தியானமே பியர் வாடையோடு வந்து சேர்ந்தார். எண்ணெய்ப் புகை வெளியே போகட்டும் என்று அத்தை வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார். அது பெரிய குற்றமாகிவிட்டது. "யாருக்குக் காட்ட கதவத் தொறந்து வச்சிருக்க?" என்று கேட்டு மாமா கதவை அடைத்தார். அத்தையின் கொண்டையைப் பிடித்து நெற்றியை அலமாரியில் மோதினார். மறுபடியும் மோதினார். பிறகு கையை ஓங்கினார். அப்போதுதான் அத்தை கையில் இருந்ததை வீசினார். கொதிக்கிற எண்ணெய் சொட்டச் சொட்ட அது மாமாவின் கன்னத்தில் கோடு இழுத்துக்கொண்டு போனது.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பெண்டாட்டி தன்னைத் தாக்கிவிட்டாள் என்று ரிப்போர்ட் கொடுத்தார். இது எப்படி இருக்கிறது பாருங்கள். நெற்றி வீங்கிப்போயிருந்த அத்தையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அப்பா ஜாமீனில் எடுத்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். குற்றம் நிரூபணமானால் ஜெயில் என்று அம்மா சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் லாயர் ஆபீஸ். கண்ணால் பார்த்தவள் என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போனார். லாயர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஒருத்தர் அடிக்கும்போது தன்னைக் காப்பாத்திக்க சட்டத்துல இடம் இருக்கு. தேவைக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான். அக்கா மறு அடி விழாம தடுத்திருக்காங்க. நெத்தி வீக்கத்த இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. பிள்ளையும் தெளிவா சொல்லுது லா," என்றார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லி மாமாவின் மூக்கை உடைக்கப் போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் வீட்டில் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன அத்தைக்குத் தைப்பிங்கில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தற்காப்பு என்று சொன்னால் மாமா அடித்ததைச் சபையில் சொல்ல வேண்டும். அடி வாங்குகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அடித்தவரை விட்டுவிட்டு அடி வாங்கியவர்களுக்கு மானம் போகும் என்ற கணக்கை யார் போட்டார்களோ தெரியவில்லை, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம். பெரியப்பாவே மாமாவிடம் தூது போனார். அத்தை சட்டியிலிருந்து திரும்பியபோது கை தவறிவிட்டது, மாமா வலியில் ஏதோ சொல்லிவிட்டார் என்று முடிவானது. மாமாவும் ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்?

லாயர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்லித்தான் வாதாடுவேன், இதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு ஆளைப் பார்த்தார்கள். அத்தையிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமாதானே மொதல்ல அடிச்சாரு," என்று நான் வாய் திறந்ததற்கு, பெரியவங்க பேச்சுல தலையிடாத என்று அப்பா அதட்டினார்.

கோர்ட்டுக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். கை தவறிப் பட்டதென்று மாமாவே தன் வாயால் சொல்லிவிட்டதால் கேஸ் தள்ளுபடியாம். பெரியப்பா மாமாவின் தோளைத் தட்டி, "பெரிய மனசு லா மாப்பிள்ளை உங்களுக்கு," என்றார். என் பல்லெல்லாம் நறநறவென்று கடிபட்டது. என்றாலும் அத்தைக்கு ஜெயில் இல்லை, அது போதும் என்று இருந்தது.

அத்தை அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, நான் ஒங்க வீட்டுக்கே வந்துடவா?"

"கேஸ்தான் முடிஞ்சிடுச்சேம்மா. ஒன் வீட்டுக்குப் போ," என்றார் அப்பா.

மாமா கார்க் கதவைத் திறந்து பிடித்தார். அத்தை ஏறிக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்புகிற வரை நான் துள்ளித் துள்ளிக் கையாட்டினேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்ததும் என்னை மறந்துவிட்டாரே என்று அன்று முழுக்க எனக்கு அத்தையின் மேல்தான் கோபம்.