சொந்தபந்தம் அமுக்கிய விளம்பரங்கள்

நான் எழுதிக்கொண்டிருந்தது கவிதையல்ல. எந்த ஆழத்துக்கு எத்தனை எச்.பி. பம்ப் போதும், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் எதனால் கருகுகிறது, இப்படிப்பட்ட சமாச்சாரங்கள். துடியலூரில் கணவரின் மோட்டார் பட்டறையில் பில் போட்டபடியே கற்றுக்கொண்டவற்றை இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி எழுதிவந்தேன். மாமியார் அதற்கு வைத்த பெயர் 'போன் நோண்டறது'. ஒரு வரிகூடப் படித்தது கிடையாது.

என் பக்கத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் போட்டது. படிக்க வருகிறவர்கள் அதை அமுக்கினால் எனக்குக் கொஞ்சம் காசு. யார் கையையும் எதிர்பார்க்காமல், ஆயுசில் முதல்முறையாக என் பேருக்கே வரப்போகிற காசு. எனக்கு அது வேண்டும், அவ்வளவு ஆசை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாமியாரிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரமே சத்தியமங்கலத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தி நடுவில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, எல்லாரும் போனை எடுங்க. என்ற மருமவ எழுதறாளுங்க. கூடவே விளம்பரம் வரும். ஆளுக்கொருதாட்டி அமுக்கிப்போட்டுத்தான் கை கழுவோணும்!"

எங்கள் பக்கம் மொய் வைக்காமல் கல்யாண வீட்டை விட்டுக் கிளம்பினால் ஊர் சிரிக்கும். அமுக்குவதும் மொய்யோடு சேர்ந்துவிட்டது. ஒரே மண்டபம், ஒரே வைஃபை, பந்திக்குப் பந்தி அமுக்கித் தள்ளினார்கள். அதோடு விட்டார்களா? தினமும் போன் வேறு. "அம்மணி, இன்னிக்கும் நாங்க அமுக்கிப்போட்டோமுங்க." வேண்டாம் என்றால், "நமக்குள்ள என்ன கண்ணு கூச்சம்?" என்பார்கள். பெரியப்பா ஒருவர் 'மணமகள் தேவையா' விளம்பரத்தை அமுக்கி, பெரியம்மாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார்களாம். செல்லாத கிளிக்குகளாம். கணக்கை மூடிவிட்டார்கள், சேர்ந்த பணமும் கிடையாது. 'ஐயா, அவர்கள் திருடர்களல்ல, என் சொந்தக்காரர்கள்' என்று முறையிட்டேன். அதுதானே குற்றமே! ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவன் என்ன பாவம் செய்தான் என்று யோசித்தால், அவர்கள் சொல்வதும் நியாயமாகவே பட்டது. அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மாமியாரிடம் எப்படிச் சொல்ல? இந்த வீட்டுக்கு வந்த நாளாக எனக்காக அவர் எழுந்து நின்றது அந்தப் பந்தியில்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போனும் கையுமாக அவரே வந்தார்.

"ஏன் அம்மணி, அமுக்கறதுக்கு ஒண்ணையுமே காணோம்?"

"கீழ இருக்கும், பாருங்க அத்தை" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் புகுந்துகொண்டேன்.

பருப்பு வெந்து, குழம்பும் கொதிக்கத் தொடங்கிவிட்டது. அப்புறம் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"அடி வரைக்கும் தேடித் தேடிப் படிச்சுப்போட்டேன். ஒரு விளம்பரமும் இல்ல. இதெல்லாம் நீயேவா எழுதுன?"

"ஆமாங்க அத்தை."

"தோட்டத்து மோட்டார் பொழுதுக்கும் சூடாகுது. உன்ற புருசன்கிட்டச் சொல்லிச் சொல்லி என்ற வாய்தான் வலிக்குது. அவன உடு. நீ வந்து பாரு, கெளம்பு."

காசு போன வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.