வீடு மாறிக் கரைத்த புளி

2013-ஆம் வருஷம், மாசி மாதம். கான்ட்ராக்டில் இருந்த என் மகனுக்கு வேலை பர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நெய்வேலி எனக்குப் புதிதல்ல. என் சின்ன வயதில் இங்கே கண்ணுக்கெட்டிய வரை முந்திரிக்காடு. அப்புறம் சுரங்கம் வந்தது. பிளாக் பிளாக்காக வீடுகள் எழும்பின, எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். கல்யாணமான பிறகு நான் முருங்கைக்கீரைக் கூடையோடு இந்த வீடுகளுக்கு வருவேன். பின்பக்க கேட்டோடு சரி. உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. நானாகவே நின்றுகொள்வேன். ஊருக்கு வெளியே தனித் தெருவில் பிறந்தவர்கள் நாங்கள். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற வீடுகளில் கொல்லைப்புறத்தைத் தாண்டியதே இல்லை. அந்தப் பழக்கம் காலில் ஊறிவிட்டது. மகன் வீட்டுக்கே பின்பக்கச் சந்து வழியாகத்தான் போய் வருவேன். வீட்டு நம்பர் முன்பக்கச் சுவரில்தான் எழுதியிருக்கும். எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை.

அன்று காலை மருமகள் அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். நான் கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது அதே சந்து, அதே மஞ்சள் சுவர், கொல்லையில் அதே மாமரம். கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். மூட்டையில் கிடந்த பாத்திரமெல்லாம் அலமாரியில் ஏறியிருந்தது. மருமகள் அதற்குள் அடுக்கிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். முன் அறையில் டிவி ஓடியது. அவள்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வாய் திறந்து கூப்பிடுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே குறைவு. பருப்பும் காயும் வெந்திருந்தன, பக்கத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. கையை விட்டுக் கரைத்து ஊற்றினேன்.

"யாரும்மா அது?"

திரும்பினால், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. முன்பின் பார்த்ததில்லை. அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்தது. ஒரே ஓட்டமாகக் கொல்லைக்கு வந்து துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"வூடு மாறி வந்துட்டேங்க. ஒண்ணுத்தையும் எடுக்கலீங்க."

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "யாருடி? சமையலுக்கு ஆள் வச்சிட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல!"

"ஆமா, வச்சிட்டாலும்! யாரோ வழி தெரியாம வந்த பெரியம்மா. அவங்களே புளி கரைச்சு ஊத்திருக்காங்க. நீங்க கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு தம்ளர கழுவிருக்கீங்களா?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கைவைத்தது அவர்கள் சாப்பிடுகிற குழம்பில். நாளைக்குத் தெரியவந்து ஒரு பேச்சு கிளம்பினால், வந்த வாரமே மகன் தலைகுனிய வேண்டும். அவன் இந்தச் சனங்களோடுதானே காலமெல்லாம் இருக்கப்போகிறான்? மறைக்க மனம் வரவில்லை. எங்கள் ஊரையும் தெருவையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் மற்றதைச் சொல்லவேண்டியதில்லை.

"அந்தக் கொழம்பக் கொட்டிடுங்கம்மா. நான் கைய வெச்சுட்டேன்."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. உள்ளே போனார். கொட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கரண்டியோடு வாசல்படிக்கு வந்தார். குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பு போடல போலயே?"

"இல்லீங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"அப்ப உள்ள வந்து போடுங்க. பாதியில விட்டுட்டுப் போனா மீதிய யார் செய்யறது?"

என் கால் நகரவில்லை. அவரே இறங்கி வந்து, புளி ஒட்டிய என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உப்புப் போட்டேன். கொத்தமல்லியையும் கிள்ளிப் போட்டேன். கொதித்ததும் அவர்கள் இட்லிக்கு அதையே ஊற்றிக்கொண்டு, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

அந்த ஐயா இட்லியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வெக்கப்படாதீங்கம்மா. நான் வந்த புதுசுல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பக்கத்து வூட்டுக் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டேன். அந்த வூட்டுக்காரரும் நைட் ஷிப்ட்டு. வந்து எழுப்பி, 'சார், கொஞ்சம் நகந்து படுங்க'ன்னாரு."

அப்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்கள் அதைப் பார்க்காததுபோல இருந்தார்கள்.

எங்கள் வீடு அங்கிருந்து மூன்றாவது. அந்த அம்மாதான் கொண்டுவந்து விட்டார். அதற்குள் மருமகள் என்னைத் தேடிச் சந்துமுனை வரை வந்து நின்றாள். "ஒங்க மாமியார் வச்ச சாம்பார்" என்று ஒரு தூக்குவாளியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஐயா ரிட்டயர் ஆனதும் அவர்கள் மதுரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் ஒரு நன்றிகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது என் மகனுக்கு. நான் யாரென்று தெரிந்த பிறகும் அந்த அம்மா உப்புப் போடக் கூப்பிட்டாரே, அன்றைக்குத்தான் நானும் இந்த ஊரில் குடியேறினேன்.