ராஜரத்தினம் அங்கிள் பூட்டி வைத்த ஃபைல்

செத்துப்போனவரின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருத்தன் கம்ப்யூட்டர் டிப்ளோமா வாங்கிவிட்டால் அவனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் எல்லாரும் முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

டி.வி.யில் படம் ஆடினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீடியோ டேப் சிக்கிக்கொண்டால் கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஃப்ளாட் ஆன்டி ஒருமுறை வாஷிங் மெஷினுக்குக் கூப்பிட்டார். "அதுலயும் பட்டன் இருக்குல்ல?" என்றார். இருக்கிறதுதான்.

இந்த முறை ராஜரத்தினம் அங்கிள்.

எங்கள் ஃப்ளாட்டில் கீழ் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத் தமிழர், ரிட்டையர்டு கவர்மெண்ட் ஆபீசர். கடைக்குப் போக வெங்காயம், பருப்பு என்று எழுதினாலும் கீழே கையெழுத்தும் தேதியும் போடுகிற ரகம். போன மாதம் தவறிவிட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது அவர்கள் வழக்கம். 'கல்வெட்டு' என்பார்கள். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், குடும்பத்தார் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். பொதுவாகச் சொந்தக்காரர்கள்தான் எழுதுவார்கள். அங்கிள் சொந்தக்காரர்களை நம்புகிற ஆளா? தன்னுடைய கல்வெட்டைத் தானே டைப் பண்ணி வைத்துவிட்டார். இறந்த தேதி மட்டும் பாக்கி.

டைப் பண்ணினார், சரி. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியும் வைத்துவிட்டார்!

அதை யார் திருடப் போகிறார்கள்?

மகன் சிவா அண்ணன் என்னைத் தேடி வந்தபோது சடங்குக்குப் பத்து நாள் இருந்தது. அச்சகத்துக்கு ஒரு வாரம் வேண்டும். ஆக, எனக்கு மூன்று நாள்.

"தம்பி, அப்பா எழுதினத அப்படியே பிரிண்ட் பண்ணணும். ஒரு கமா கூட மாத்தக்கூடாது. ஓப்பன் பண்ணிக் குடு."

"ஓப்பன் ஆகலேன்னா அண்ணே?"

"நானே எழுதிடுவேன். அந்த லோரிக்காரன் பேரெல்லாம் அதுல வராது, பாத்துக்க."

வில்லங்கமே அங்கேதான். அன்று சாயங்காலம் கிள்ளானிலிருந்து போன். மாலா அக்கா — அங்கிளின் மகள், சிவா அண்ணனுக்கு அக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்னால், லோரி ஓட்டுகிற ஆறுமுகம் அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவர். ஆறுமுகம் அண்ணன் பிறந்து வளர்ந்தது ரப்பர் எஸ்டேட்டில். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பால் மரம் வெட்ட வந்த குடும்பம். யாழ்ப்பாணத்து ஆபீசர் வீட்டுக்கு அது போதாதா? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அப்பா சாவுக்கு அக்கா வீட்டுக்குள் வந்து அழுதார். ஆறுமுகம் அண்ணன் எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில், வெயிலில் நின்றுவிட்டுப் போனார். 'உள்ளே வாங்க' என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

"தம்பி, ஃபைல் தொறந்துச்சா?" என்றார் அக்கா போனில்.

"இன்னும் இல்லக்கா."

"என் பேரு இருக்கும். மகள எப்படி மறைப்பாங்க? அவரு பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு. இல்லேன்னா முப்பத்தொண்ணுக்கு நான் வரல லா. இனிமே அந்த வீட்ல எதுக்குமே வரல."

வைத்துவிட்டார். அப்பாடி! ஒரு குடும்பமே உடையுமா ஒட்டுமா என்பது இப்போது என் ஸ்க்ரூடிரைவரில் இருக்கிறது. நான் என்ன பாவம் செய்தேன்?

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பழைய 386 கம்ப்யூட்டர். பூப்போட்ட துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. சுவிட்சைப் போட்டால்... சத்தமே இல்லை.

"பேக்-அப் ஃப்ளாப்பி இருக்காண்ணே?"

இருந்தது. சாமி மேடையில்! சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். பொட்டும் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் எங்கே? ஃப்ளாப்பியின் தகர மூடியைத் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கிற கறுப்புத் தட்டின் மேல்! சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

"யாருண்ணே இந்த வேலையச் செஞ்சது?"

"நான்தான். எழுத்து உள்ளதான இருக்கு? வெளிய பிளாஸ்டிக்குக்கா பொட்டு வைப்பாங்க?"

அந்த ஃப்ளாப்பி இனி எதிலும் ஓடாது; சாமி மேடையிலேயே திருப்பி வைத்தேன்.

பெட்டியைப் பிரித்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, மாடிக்குக் கொண்டுபோய் என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஓடியது! அங்கிளின் ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன. கல்வெட்டைத் திறந்தால்... பாஸ்வேர்ட் கேட்டது. சிவா அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"முருகன்னு போட்டுப் பாரு."

"போட்டாச்சு."

"அம்மா பேரு?"

"போட்டாச்சுண்ணே."

"கார் நம்பரு?"

"ம்ஹூம்."

"பழைய கார் நம்பரு?"

"எத்தன காருண்ணே வச்சிருந்தாரு?"

"மூணு. எல்லாமே வெள்ளை."

கலர் எதற்கு? ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பர், பென்ஷன் நம்பர், வேலையில் சேர்ந்த தேதி... இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் அண்ணன் பெருமூச்சு விட்டுக் கேட்டார்: "காலேஜ்ல அப்படி என்னதான் தம்பி படிச்ச?"

எனக்குக் கோபம் ஏறியது பாருங்கள்! மூன்றாம் நாள் ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மினி பஸ் ஏறி இம்பிக்குப் போனேன். பஸ் போட்ட ஒவ்வொரு பிரேக்குக்கும் அங்கிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு சீனர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். ஃபைலைப் பார்த்ததும் சிரித்தார்.

"அலாமாக்! செனாங் லா, பாஸ்!"

மலாயில் சொன்னார்: ரொம்ப ஈசியாம். பழைய சாஃப்ட்வேர், சின்னப்பிள்ளைப் பூட்டு. எங்கிருந்தோ ஒரு புரோகிராமை எடுத்து ஓட்டினார். நான் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது. பாஸ்வேர்ட் என்னவென்று அது சொல்லவில்லை. பூட்டையே கழற்றி வைத்துவிட்டது. ரகசியம் அங்கிளோடு போய்விட்டது.

நான் அங்கே படிக்கவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஃப்ளாப்பியில் காப்பி பண்ணிக்கொண்டு வந்து சிவா அண்ணன் முன்னால்தான் திறந்தேன்.

பதினான்கு பக்கம். கவர்மெண்ட் லெட்டர் மாதிரி இங்கிலீஷ். எந்த ஊருக்கு எப்போது டிரான்ஸ்ஃபர் என்பதெல்லாம் ஒன்று விடாமல். கடைசிப் பக்கத்தில் பெயர்கள். மக்கள்: மாலா, சிவா. மருமக்கள்...

முதல் பெயர் ஆறுமுகம்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சீனியாரிட்டிப்படி போட்டிருக்காரு," என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது.

ஆனால் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒரு குறிப்பு: 'இனிஷியல் கேட்டு நிரப்பவும்.'

அவ்வளவுதான் விஷயம். மருமகனுடைய அப்பா பெயர் மாமனாருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் கிள்ளானுக்குப் போன் பண்ண வேண்டும். கிள்ளான் என்ன நிலாவிலா இருக்கிறது? ரயில் ஏறினால் போய்ச் சேருகிற ஊர்!

நம் ஆட்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டுவதென்றால் ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி திட்டுகிறோம். பாசமாக ஒரு வார்த்தை என்றால் மட்டும் கம்ப்யூட்டருக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஒருத்தரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

"இனிஷியல் இல்லாமப் போட்டுடலாமா தம்பி?" என்றார் அண்ணன் மெதுவாக.

"ஒரு கமா கூட மாத்தக்கூடாதுன்னீங்க. 'கேட்டு நிரப்பவும்'னு எழுதியிருக்காரு. கேளுங்கண்ணே."

முறைத்தார். நான் போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். நம்பரையும் நானே சுழற்றிக் கொடுத்தேன்.

"அக்கா... நான் சிவா." போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டார். "அவர்கிட்ட குடு."

அந்தப் பக்கம் ஆள் வருகிறவரை ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அத்தான்... உங்க அப்பா பேரு என்ன?"